ஒற்றைப் பட்டத்துக்கான கயிறு

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் முட்டி இரண்டும் கெஞ்சுகின்றன. இருந்தும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பையைப் பிரிக்கிறேன். ஆளையே இழுத்துப் போகிற விசைப் பட்டங்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று. ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துப் பறக்கவிட்டால் மூன்றின் இழுப்பும் கையிலிருக்கும் கயிற்றுக்குத்தான் வந்து சேரும். அதற்கான தடித்த கயிற்றைச் சிதம்பரம் லாட்ஜிலேயே மறந்து தொலைத்திருக்கிறேன். பையில் இருப்பது ஒற்றைப் பட்டத்துக்கான மெல்லிய கயிறு. பத்து நிமிஷம்தானே, தாங்கும் என்று முடிச்சுப் போடுகிறேன்.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் எழுந்து வந்து கயிற்றை விரலில் உருட்டிப் பார்க்கிறார்.

"இது எத்தினி பட்டத்துக்கு சார்?"

"ஒண்ணுக்குதாண்ணே. ஆனா தாங்கும்."

"தாங்கலன்னா?"

எனக்கு எரிச்சலாக வருகிறது. "அறுந்தா என் பட்டம்தானே போவுது?"

"காத்து கடல்லேருந்து வீசுது. அறுந்தா மூணும் அப்படியே அங்க போயி வுழும்."

அவர் கைகாட்டிய பக்கம் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கின்றன; சுற்றிலும் நல்ல கூட்டம்.

"மொத வண்டில மீன் வறுக்குறது என் வூட்டுக்காரி. சட்டி நெறய எண்ண கொதிக்குது."

உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்க்கிறேன். பெரியதும் நடுத்தரமும் பைக்குள் போகின்றன. சின்னதை மட்டும் மேலே ஏற்றுகிறேன்.

அவர் தன் இடத்துக்குத் திரும்பி உட்காருகிறார். நான் பட்டத்தைக் கீழே இறக்கும்வரை கயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார்; வலையைத் தொடவே இல்லை.