வேற வலி இருக்கா?

என் சித்தப்பா வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் செய்பவர். அவருடைய வேனுக்குள் கருவிப் பெட்டிக்கும் ரப்பர் குழாய்களுக்கும் நடுவில் எப்போதும் ஒரு கூடாரம் சுருட்டிக் கிடக்கும். அது என்ன என்று யாராவது கேட்டால், "அதுவா, என் ரெண்டாவது வீடு" என்று பெருமையாகச் சொல்வார். அந்த இரண்டாவது வீட்டில் அவர் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

பயணம் என்றால் அவருக்கு உயிர். பயணத்துக்கான ஆப் என்றால் உயிருக்கும் ஒரு படி மேல். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்கிற வரைபடம் ஒன்று வைத்திருந்தார். மழை மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டுவதற்கு இன்னொன்று. கூடாரம் போட எங்கே இடம் இருக்கிறது, அங்கே தண்ணீர் வருமா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று போய்வந்தவர்கள் எழுதிவைக்கும் ஆப்பை அவர் தினமும் பேப்பர் மாதிரிப் படிப்பார். பறவை கத்தினால் அது என்ன பறவை என்று சொல்வதும் உண்டு. பட்டறையில் அவருக்கு 'ஆப்புக்காரர்' என்றே பெயர். சித்தி அதற்குப் பொழிப்புரையும் சொல்வாள்: "உங்க சித்தப்பா போன்ல வைக்கிறது ஆப். எனக்கு வைக்கிறது ஆப்பு."

சித்தி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது, எந்த வழியாகப் போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவளுடையது. ஊரே பெட்டி படுக்கையோடு கிளம்பும் விடுமுறை நாளில்தான் அவளுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும். அதனால் எல்லோரையும் வழியனுப்பிவைத்த சித்தி, தான் எங்கும் போனதில்லை. அவளுடைய ழகரம் கண்ணாடி மாதிரி இருக்கும். "வழியாக" என்று அவள் சொன்னால், நடக்கிறவர்கள் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

சித்தப்பாவுக்கு ழகரம் வரவே வராது. அவர் வாயில் வழி, வலி ஆகிவிடும். மழை, மலை ஆகிவிடும். பழம் வாங்கப் போனால் பலத்தோடு திரும்புவார். மனிதர்களுக்கு இது புரிந்துவிடும். போனுக்குப் புரியாது. அவரோ, கை எப்போதும் கிரீஸாக இருப்பதால், போனை விரலால் தொடவே மாட்டார். எல்லாவற்றையும் வாயால்தான் கேட்பார்.

முதல் தடவை நாங்கள் முகாமுக்குக் கிளம்பியபோது வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைக்கவில்லை. பாதி வழியில் சிக்னல் போனது, வரைபடமும் வெள்ளைத்தாள் ஆனது. ஒரு கல்குவாரிக்குள் போய் நின்றுவிட்டுத் திரும்பினோம். இதைப் படிக்கிறவர்கள் யாராவது வெளியூர் கிளம்புவதாக இருந்தால், வீட்டில் இருக்கும்போதே அந்தப் பகுதி முழுவதையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். போகும் இடத்தில் இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே நாம்தான் இறங்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் தடவை வரைபடம் சரியாக இருந்தது. கிளம்பும்முன் சித்தப்பா போனிடம், "இன்னிக்கு அங்க மலை இருக்கா?" என்று கேட்டார். அது ஒரு அழகான மலையின் படத்தைக் காட்டியது. மேலே நீல வானம், ஒரு மேகம்கூட இல்லை. "பாரு, பளிச்சுன்னு இருக்கு" என்று வண்டியை எடுத்தார். கூடாரத்தின் முதல் கம்பியை நட்டபோது பிடித்த மழை, நாங்கள் வீடு திரும்பி வாசலில் இறங்கும்வரை விடவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே சித்தி தீர்ப்பு சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு தடவை வரேன். அன்னிக்கும் பாதியில திரும்பினோம்னா, இந்தக் கூடாரத்த வெட்டி வாஷிங் மெஷினுக்கு உறை தைச்சிடுவேன். உங்க கஸ்டமருங்களுக்காவது பிரயோஜனப்படும்."

சித்தி சொன்னால் செய்பவள். துணி வெட்டும் கத்தரிக்கோலை அன்றைக்கே தேடி எடுத்து அலமாரியில் முன்வரிசையில் வைத்துவிட்டாள்.

சித்தப்பா அதன் பிறகு பரீட்சைக்குப் படிப்பது போலத் தயாரானார். ஏரிக்கரையில் ஒரு முகாம், ஒரு இரவு. வரைபடத்தை என்னை இறக்கச் சொன்னார். மழையைப் பற்றிக் கேட்கும் வேலையையும் எனக்கே கொடுத்துவிட்டார். ஒரே சிக்கல், ஏரிக்குப் போகும் காட்டுப் பாதையின் கேட்டை மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். "அஞ்சுக்குள்ள உள்ள போயிட்டா நாம ஜெயிச்சோம்" என்றார்.

கிளம்பிய நிமிடத்திலிருந்தே வேனுக்குள் சண்டை. வழி சொல்லும் ஆப்பில் பேசும் பெண்ணைச் சித்திக்குப் பிடிக்கவில்லை.

"'திரும்பவும்'னு சொல்றத பாருங்க. கடைசி எழுத்த முழுங்கிட்டா."

"வலி சொன்னா போதாதா? அவ என்ன மேடைப் பேச்சா பேசறா?"

"அவ சொன்னா உடனே திரும்புறீங்க. நான் பால் வாங்க திரும்பச் சொன்னா காது கேக்கல."

"அவ எதுக்கெடுத்தாலும் கோவப்படறதில்லம்மா."

சித்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதடு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது, கண்ணாடியில் பார்த்தேன்.

பாதித் தூரம் தாண்டியதும் வரிசையாக வண்டிகள் நின்றன. முன்னால் பாலத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. எப்போது திறப்பார்கள் என்று கேட்கச் சித்தி இறங்கிப் போனாள். நான் பின்சீட்டில் கவிழ்ந்துபோன தண்ணீர் பாட்டிலோடு போராடிக்கொண்டிருந்தேன். சித்தப்பா போனைப் பார்த்துக் கேட்டார்:

"வேற வலி இருக்கா?"

போன் பதில் சொல்ல ஆரம்பித்த நேரம் பார்த்து எங்கள் பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. கடைசித் துண்டு மட்டும்தான் கேட்டது: "…அருகிலேயே ஒன்று உள்ளது. தொடங்கவா?"

"தொடங்கு தாயி, தொடங்கு!" என்றார் சித்தப்பா.

சித்தி திரும்பி வந்தாள். "சாயங்காலம்தான் திறப்பாங்களாம்."

"அதனால என்ன? நம்மாளு கண்டுபுடிச்சிட்டா" என்று சித்தப்பா வண்டியைத் திருப்பினார். வெயில் பட்டுப் போன் திரை கண்ணைக் கூசவைத்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை, குரலை மட்டும் நம்பிப் போனோம். வலதுபுறம், இடதுபுறம், மறுபடி வலதுபுறம். கடைத்தெரு வந்தது. ஏரிக்குப் போகிற பாதையில் இவ்வளவு மருந்துக்கடை எதற்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண், "சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றாள்.

எதிரே ஒரு மருத்துவமனை. வேன் நேராகப் போய் வாசல் கூரைக்கடியில் நின்றதால், உள்ளேயிருந்து ஒரு பணியாளர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"யாருக்கு வலி?"

சித்தப்பா திருதிருவென்று முழித்தார். "வலி கேட்டது நான்தாங்க."

"எங்க வலி?"

"அதாங்க எனக்கும் தெரியல. இருந்த வலிய அடைச்சிட்டாங்க. அதான் வேற வலி இருக்கான்னு கேட்டேன்."

பணியாளர் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். குரலைத் தணித்து, "மொதல்ல உக்காருங்க சார். பதட்டப்படாதீங்க" என்று நாற்காலியை அவர் முட்டிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். சித்தப்பா உட்கார்ந்தேவிட்டார்.

முதலில் விளங்கியது சித்திக்குத்தான். வேனிலிருந்து இறங்கியவள் ஒரு அடிகூட நடக்கவில்லை. மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பணியாளர் பயந்துபோய், "இவங்களுக்கும் ஏதாவது…?" என்று என்னைக் கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவரும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மணியைப் பார்த்தார். "இனிமே அஞ்சுக்குள்ள போக முடியாது" என்றார். பிறகு சித்தியைப் பார்க்காமல், "திரும்பிடலாம்மா. நீ சொன்ன மாதிரியே உறை தைச்சுக்க" என்றார்.

அவர் தோற்று நான் பார்த்ததில்லை. கழற்றிப் போட்ட மெஷின் நாள் முழுவதும் ஓடாவிட்டாலும், "நாளைக்கு ஓடும் பாரு" என்பவர் அவர். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சித்திக்கும்தான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"போனக் குடுங்க."

வாங்கி, தொண்டையைச் செருமி, வேலையில் பேசுவது போலவே நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "ஏரி முகாமுக்கு வேறு வழி."

"ஒரு வழி கிடைத்தது" என்றது போன், உடனே. பாலத்தைச் சுற்றிக்கொண்டு தோட்டங்களுக்குள் போகும் ஒரு சின்ன சாலை. ஐந்து மணிக்குச் சற்று முன்னால் சேரலாம் என்று காட்டியது. தான் வளர்த்த நாய் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து வாலாட்டினால் எப்படியிருக்கும், அப்படிச் சித்தப்பா போனைப் பார்த்தார்.

"எழுந்திரிங்க. அந்த நாற்காலிய வச்சுக்கிட்டா போகப் போறீங்க?"

சித்தி ஆப் பெண்ணின் வாயை அடைத்துவிட்டு, வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். தோட்டங்களுக்கு நடுவே சிக்னல் போயிற்று. வரைபடம் போகவில்லை. நீலப் புள்ளி எங்களோடேயே ஊர்ந்து வந்தது. சித்தியின் குரல் வேனை நிறைத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கோழிப்பண்ணை வழியாக ஏரி முகாம் செல்லும் வண்டி, அடுத்த திருப்பத்தில் இடதுபுறம் செல்லும்."

"எத்தனாவது பிளாட்பாரம் மேடம்?"

"ஓட்டுநர் பயணிகளிடம் வாய் கொடுக்காமல் ஓட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

சித்தப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. விசில்கூட அடித்தார்.

கடைசி வளைவில் கேட் தெரிந்தது. காவலர் சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டார். சித்தப்பா ஹாரனை அழுத்தினார். அது கரகரவென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. சித்தி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள்.

"ஏரி முகாம் செல்லும் கடைசி வண்டி வந்துகொண்டிருக்கிறது! கேட்டை மூட வேண்டாம்! கேட்டை மூட வேண்டாம்!"

மைக் இல்லாமல் காடே அதிர்ந்தது. மரத்திலிருந்து பறவைகள் கிளம்பின. காவலர் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக நின்றார். நாங்கள் கடந்துபோகும்போது கையை நெற்றிக்குக் கொண்டுபோனார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கூடாரம் போடும்போது சித்தப்பா போனைத் தரையில் படுக்கவைத்து, மட்டம் பார்க்கும் ஆப்பைத் திறந்தார். வாஷிங் மெஷின் சாய்ந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பது அதில்தான். நல்ல யோசனை அது. சரிவில் படுத்தால் விடியும்போது எல்லோரும் ஒரே மூலையில் கிடப்போம். ஆனால் அவர் ஒவ்வொரு அடியாக நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மட்டம் சரியில்லன்னா ஆடும்" என்றார்.

"நாம படுத்துத் தூங்கப் போறோமா, இல்ல சுத்தித் துணி துவைக்கப் போறோமா?" என்றாள் சித்தி. பிறகு அவளே கல் எடுத்து முளைகளை அடித்தாள். "ஆப்பு அடிக்கிறதுன்னா இப்படி அடிக்கணும்."

வானம் இருட்டியதும் சித்தப்பா நட்சத்திர ஆப்பை எங்களுக்குக் காட்டினார். போனை மேலே பிடித்தால் நட்சத்திரத்தின் பெயர் வரும். சித்தி அதைத் தரைப்பக்கம் திருப்பினாள். பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நட்சத்திரங்களும் தெரிந்தன. "நம்ம காலுக்கடியிலயும் இருக்காடி!" என்று அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். அன்றிரவு குறட்டையில் சித்தப்பாவை மிஞ்சியது சித்திதான்.

காலையில் நடக்கக் கிளம்பினோம். பாதையைக் கோடாக வரையும் ஆப்பை நான் திறந்துவைத்துக்கொண்டேன். பிரியும் பாதைகளில் பயப்படாமல் போக முடிந்தது. வழி தப்பினால் கோட்டைப் பிடித்துத் திரும்பிவிடலாம் என்ற தைரியம். சித்தி எங்களுக்கு முன்னால் நடந்தாள். வளைவில் மறைந்துபோய், "வாங்க, இங்க பாருங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பறவையின் பெயர் சொல்லும் ஆப்பால் அன்றைக்கு எதையும் சொல்ல முடியவில்லை. எல்லாப் பதிவிலும் சித்தியின் குரல்தான்.

மதியத்துக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். திரும்பி வந்ததும் சித்தப்பா பெருமூச்சு விட்டுக்கொண்டே முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தார். மறுநாள் சித்திக்குக் காலை வேலை. நான் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். சித்தியைக் காணோம்.

"சித்தப்பா, அங்க பாருங்க."

ஏரிக்கரையில் ஒரு பெரிய பாறை. அதன் உச்சியில் சித்தி ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தாள். எங்கே சிக்னல் கிடைக்கிறது என்று காட்டும் ஆப்பைப் பார்த்து, ஒரே ஒரு கோடு தெரிகிற இடத்தைத் தேடி ஏறியிருக்கிறாள். அங்கிருந்து அவள் பேசியது எங்களுக்கு மட்டுமல்ல, அக்கரைக்கும் கேட்டிருக்கும்.

"சார்! நான்தான் சார்! நாளைக்கும் எனக்கு லீவு வேணும்!… உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்!… இல்ல சார், எங்கயும் வலி இல்ல!… வேற யாரையாவது பேசச் சொல்லுங்க சார், நான் ஊருக்குப் போயிருக்கேன்!"

கடைசி வார்த்தையை அவள் இரண்டாம் தடவையும் சொன்னாள், அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. "ஊருக்குப் போயிருக்கேன் சார்!"

சித்தப்பா கல்லைத் தேடி எடுத்து, பிடுங்கிய முளைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்கத் தொடங்கினார். நான் மடித்த போர்வைகளை உதறி விரித்தேன்.