பச்சை ஜன்னல் விறகு

சித்ராவைப் பத்திச் சொல்லோணும்னா அவ சுரண்டறதுல இருந்துதானுங்க ஆரம்பிக்கோணும். பெயிண்டர்னு பேரு அவ ஊட்டுக்காரன் கோகுல்ராஜுக்கு. ஆனா பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னால செவுத்தையும் ஜன்னலையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பட்டி பாக்கறதெல்லாம் அவதான். தூசியத் திங்கறது ஒருத்தி, பேர வாங்கறது ஒருத்தன். இதை நான் அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கறேன். "அக்கா சொன்னாச் செரிதானுங்க"ன்னு பல்லக் காட்டுவான். கோவமே வராது அவனுக்கு. எனக்கு அப்படியில்லீங்க. கமலவேணி வாயத் தொறந்தா கட்டுத்தரையில படுத்திருக்கற மாடு எந்திரிச்சு நிக்கும்னு மல்லசமுத்திரத்துல பாதிப் பேரு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க.

சித்ரா கெங்கவல்லிப் பக்கத்துப் பொண்ணு. அப்பனும் ஆத்தாளும் குச்சிக்கிழங்குக் காட்டுல கூலிக்குப் போனவங்க. இவ தையல் பழகுன கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவன்தான் கோகுல்ராஜ். கட்டுனா இவனத்தான் கட்டுவேன்னு நின்னு, கட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டா. மொத நா எங்கூட்டு வாசல்ல நின்னு, "தண்ணி இருக்கா"ன்னு மொட்டையாக் கேட்டா. "ஏண்டி, ஒரு ங்க போட்டாக் கொறஞ்சா போயிருவ?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். அடுத்த நாள்ல இருந்து ங்க போட்டா பாருங்க, பூனைக்கும் ங்க, ஆட்டுக்கும் ங்க. கிண்டல் பண்றாளா, பயப்படறாளான்னு எனக்கே புரியல. அன்னிக்கிருந்து அவளை எனக்குப் புடிச்சுப்போச்சு.

அஞ்சு வருசமாக் கொழந்தை இல்லாம, திருச்செங்கோட்டு மலைக்கு நடையா நடந்து பொறந்தவ மதுமதி. ரெண்டரை வயசுல அந்த வாய் பேசுன பேச்சிருக்கே, அடேயப்பா! ஆத்தாகிட்டக் கத்துக்கிட்டாளோ என்னமோ, என் பேரச் சொல்லித்தான் கூப்புடுவா. "ஏனுங்க கமலவேணி, மோரு குடுங்க!" என் பேரச் சொல்ல எங்கூட்டுக்காரருக்கே தைரியம் கெடையாது. இந்த முழத்துண்டு வாசல்ல நின்னு அதிகாரம் பண்ணும். நானும் வேணும்னே செத்த நேரம் காது கேக்காத மாதிரி இருந்துட்டு, மூணாவது வாட்டி கூப்பிட்ட பொறவுதான் மோரக் கொண்டுட்டு வருவேன்.

போன மாசியில எங்கூட்டுல வேலை ஆரம்பிச்சோம். எம்மருமக தனப்பிரியா முழுகாம இருந்தா. வளைகாப்பு எங்கூட்டுலதான்னு பேசி வெச்சிருந்தோம். ஊடு எம்மாமனார் காலத்துல கட்டுனது. எட்டு ஜன்னல், ரெண்டு கதவு. நோம்பிக்கு நோம்பி மேல மேல பெயிண்ட் அடிச்சு, பச்சை, அதுக்குக் கீழ ஊதா, அதுக்குக் கீழயும் பச்சைன்னு தோசையாட்டத் தடிச்சுக் கெடந்துச்சு. பெங்களூர்ல இருக்கற எம்மவன் சிவக்குமாரு போன்லயே கட்டளை போட்டான்.

"அம்மா, அந்தக் காலத்துப் பெயிண்டுல காரீயம் இருக்கும். காயச் சுரண்டக் கூடாது. தண்ணி தெளிச்சு நனைச்சுத்தான் சுரண்டோணும். அந்தத் தூசி வயித்துல இருக்கற கொழந்தைக்கு ஆகாது."

"போடா, ஈயச் சொம்புல ரசம் வெச்சுத்தான் உங்கப்பன வளத்துனாங்க."

"அது வெள்ளீயம்மா. இது வேற. மூளைக்குப் போற வெசம். சின்னக் கொழந்தைகளத்தான் மொதல்ல புடிக்கும்."

மூளைன்னு சொன்னதும், "செரி, என்ன பண்ணோணும் சொல்லு"ன்னேன். அவன் மாஸ்க்கு, பிளாஸ்டிக் சீட்டு, கையுறைன்னு பார்சல்ல அனுப்பிவெச்சான். சித்ராவ உக்கார வெச்சு அவன் சொன்னத வரி வரியாச் சொன்னேன். அவ என்னைய விடச் சுத்தம்ங்க. கீழ சீட்டு விரிச்சா. பூச்செடிக்குத் தெளிக்கற பாட்டில்ல தண்ணி பீச்சிப் பீச்சிச் சுரண்டுனா. சீமாறே தொடல, எல்லாம் ஈரத்துணிதான். கையும் மூஞ்சியும் கழுவாம ஒரு வாய் டீ குடிக்க மாட்டா. சாயங்காலம் எங்கூட்டுப் பைப்புலயே குளிச்சு, சேலை மாத்தி, வேலைச் சேலைய அங்கயே அலசிப் போட்டுட்டுத்தான் கெளம்புவா. மதுமதியப் பால்வாடியில உட்டுருந்தா. "பாப்பா இந்த வாசப் பக்கமே வரக் கூடாதுங்கக்கா, நீங்க மோரு குடுக்கறன்னு கூப்பிட்டறாதீங்க"ன்னு எனக்கே உத்தரவு போட்டா. நாலு ஜன்னல் இப்படிச் சுரண்டி முடிச்சா.

அஞ்சாவது ஜன்னல்ல தட்டிப் பாத்தா உள்ள பூராக் கரையான். ஆசாரி வந்து, மிச்சமிருக்கற நாலு ஜன்னலையும் ரெண்டு கதவையும் கழட்டி வீசுங்க, புதுசு போட்டுக்கலாம்னுட்டான். கழட்டுன பலகையெல்லாம் வாசல்ல மலையாட்டக் குமிஞ்சு கெடந்துச்சு. இன்னும் பத்து நாள்ல வளைகாப்பு, ஒறம்பரை சனமெல்லாம் வந்துரும். எங்க பக்கத்துல ஒரு மொறை இருக்குதுங்க. ஊட்டு வேலையில கழிஞ்ச மரத்த வேலை செஞ்சவங்களுக்கு வெறகுக்குக் குடுத்துருவோம். வித்தாக் கேவலம். சித்ரா ஊட்டுல கேஸ் இருந்தாலும் தண்ணி காய வெக்கறது, சோறாக்கறது எல்லாம் வாசல்ல இருக்கற வெறகடுப்புலதான். நான்தான் கூப்பிட்டேன்.

"இந்தா சித்ரா, அத்தனையும் நல்லாக் காஞ்ச மரம். நீ எடுத்துக்கோ. ஒரு வருசத்துக்கு வெறகு பொறுக்க வேண்டாம்."

அவ மூஞ்சி அப்படியே மலந்துச்சு. "அத்தனையுமுங்களாக்கா?"ன்னு ரெண்டு வாட்டி கேட்டா. நானே டிராக்டர் வெச்சுக் கொண்டுபோய் அவ வாசல்ல எறக்கிவுட்டேன். திரும்பி வந்து எங்கூட்டு வாசலப் பாத்தேன், துடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க எனக்கு.

அந்தப் பெயிண்ட் அதுல அப்படியேதான் இருந்துச்சு. எனக்குத் தெரியாதா? தெரியும். அவளுக்கும் தெரியும். தூசி ஆகாதுன்னாங்க, தூசிக்குப் பயந்தோம். நெருப்புல போட்டா எப்பேர்ப்பட்ட வெசமும் செத்துப்போயிரும்னுதான் ரெண்டு பேரும் நெனச்சோம். பொகையில போகும், சாம்பல்ல நிக்கும்னு எவனாவது சொன்னானா? சிவக்குமாரு கூடச் சொல்லல. நானும் கேக்கல.

வளைகாப்பு நல்லா நடந்துச்சு. ஆனியில எனக்குப் பேரன் பொறந்தான், கொழுகொழுன்னு.

ஆடி பொறந்தப்ப மதுமதிக்கு வயித்து வலின்னு சித்ரா வேலைக்கு வரல. கொழந்தை சாப்பிடறதில்ல, வெளிக்குப் போறதில்ல, எதுக்கெடுத்தாலும் வீறிட்டு அழுவறா. நாட்டு வைத்தியம் பாக்கற பாப்பாயி கிழவிகிட்டப் போய்க் கொடல் தட்டுனாங்க. மந்திரிச்சுக் கயிறு கட்டுனாங்க. அப்புறமேட்டுக்குத்தான் கவனிச்சிருக்கறாங்க, பேச்சு கொறையுது. மொதல்ல பாட்டு நின்னுச்சு. பொறவு கேள்வி நின்னுச்சு. கடைசியில வேணும், வேண்டாம்கறது கூடக் கையிலதான்.

சேலத்துல ஒரு பெரிய டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, ஒடம்புல காரீயம் ஏறியிருக்குதுன்னு சொன்னாங்க. "அப்பா என்ன வேலை?"ன்னு கேட்டாங்க. பெயிண்டருங்கன்னா சித்ரா. "அவர் துணியில, கையில, தலைமுடியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம்"னுட்டாங்க.

அவ்வளவுதான். சித்ராவுக்கு அப்படியொரு கோவம் வந்து நான் பாத்ததில்ல. "நான் தெனமும் குளிச்சுட்டு வந்தனே, நீ வேலைத் துணியோட வந்து புள்ளையத் தூக்குனயே, பாவி! வெசத்தக் கொண்டாந்து ஊட்டிப்போட்டயே! இனிப் புள்ளையத் தொடாதே!"ன்னு ஊரே கேக்கக் கத்துனா. அவன் வேலைத் துணியெல்லாம் கொண்டுபோய்க் குழியில போட்டுட்டு, பிரஷ்ஷு, ஏணியெல்லாம் வந்த வெலைக்கு உட்டுட்டு, திருச்செங்கோட்டுல ரிக் வண்டி ஏறிட்டான். சத்தீஸ்கர்ல போர்க்கெணறு தோண்டறாங்க. கெளம்புற அன்னிக்குக் குளிச்சு, புதுச்சட்டை போட்டுக்கிட்டும் கூடப் புள்ளையத் தொடப் பயந்து, தடத்துலயே நின்னு கையாட்டிட்டுப் போனானாம். எங்கிட்டச் சொல்றப்ப சித்ரா அழுவல. "போகட்டுமுங்கக்கா, அவரு இல்லாட்டித்தான் பாப்பா பொழைக்கும்"னா.

ரெண்டு மாசங்கழிச்சு மறுபடியும் ரத்தம் எடுத்தாங்க. கொறைஞ்சிருக்கோணுமில்ல? ஏறியிருந்துச்சு.

"எப்படிங்கக்கா ஏறும்? அவருதான் இல்லையே"ன்னு ரத்தம் பாத்த சீட்டத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்தா. நான் என்னத்தக் கண்டேன். டாக்டருக்கே ஒண்ணும் தெரியலைன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அடுத்த நாக் காலையில, கொழந்தையப் பாத்துட்டு வரலாம்னு ரெண்டு சீப்பு பழம் வாங்கிக்கிட்டு அவ ஊட்டுக்குப் போனேன்.

வாசல்ல அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. மேல குண்டாவுல தண்ணி கொதிக்குது, பாப்பாளுக்கு ஊத்தறதுக்கு. மதுமதி அடுப்புப் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்திருக்கறா. முழங்கையெல்லாம் குச்சியாப் போயிருச்சு. வெரல எச்சல்ல தொட்டு, சாம்பல்ல தொட்டு, வாயில வெக்கறா. திரும்பத் திரும்ப.

"என்னடி இது, சாம்பலத் திங்கறா?"

"அதை ஏங்கக்கா கேக்கறீங்க. மண்ணு, சாம்பல்னா உடமாட்டேங்கறா. அடிச்சும் பாத்துட்டேன். ரத்தம் கம்மியானா அப்படித்தான் திம்பாங்கன்னு சொல்றாங்க. சட்டி, போசி வெளக்கச் சாம்பல எடுத்து வெச்சாக் கூட அள்ளிக்கறா."

அப்பத்தான் அடுப்பு வாயில நீட்டிக்கிட்டிருந்த பலகையப் பாத்தேன். நெருப்பு புடிச்ச எடத்துல பச்சைப் பெயிண்டு கொப்புளம் கொப்புளமாப் பொங்கி உருகுது. அதுக்கு ஒரு சாண் இந்தாண்ட, ஆணியில கீறுன எழுத்து. சிவான்னு. ஆறாவது படிக்கறப்ப எம்மவன் கீறி, எங்கிட்ட நாலு அடி வாங்குன எழுத்துங்க.

 பலகைய வெடுக்குன்னு இழுத்து எறிஞ்சேன். கொதிக்கற தண்ணியத் தூக்கி அடுப்புல ஊத்துனேன். புஸ்ஸுன்னு சாம்பலும் ஆவியும் எந்திரிக்குது, சித்ரா புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடறா, எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சுட்டா.

"அய்யோ சித்ரா, அவனில்லடி. அவனில்ல. நாந்தான். நாந்தான்டி டிராக்டர்ல ஏத்திக் கொண்டாந்து எறக்குனேன்."

அவளுக்குப் புரிய நேரமாச்சு. பலகையப் பாத்தா, சாம்பலப் பாத்தா, வெளக்கிக் கவுத்து வெச்சிருந்த போசிகளப் பாத்தா. என்னைய நாலு வார்த்தை கேப்பான்னு நின்னேங்க. சீமாறெடுத்தாக் கூட வாங்கிக்கறதுக்குத்தான் நின்னேன். அவ மெதுவா, "நல்லதுக்குத்தானுங்களே குடுத்தீங்க"ன்னா. அப்புறம் அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. "அவரப் பாவின்னு சொல்லிப்போட்டனுங்களே அக்கா. தொடாதேன்னு சொல்லிப்போட்டனுங்களே."

அன்னிக்கே மிச்சப் பலகையக் கட்டிக் கொண்டாந்தேன். பாதிக்கு மேல தீந்துபோயிருந்துச்சு. அடுப்ப இடிச்சு, சாம்பல ஈரம் பண்ணி மூட்டை கட்டி, வாசமண்ண ஒரு சாண் வழிச்செடுத்தோம். எங்க கொண்டுபோய்ப் போடறது? குப்பை வண்டிக்காரங்க, "ஓரமா வெச்சுக் கொளுத்திருங்கம்மா"ங்கறாங்க. கொளுத்தக் கூடாதுடா, பொதைக்கக் கூடாதுடான்னு தொண்டை கிழியக் கத்தறேன், என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போறாங்க. இதுக்குன்னு எடம் இருக்குதாம், சிவக்குமாரு விசாரிக்கறேன்னான். இன்னும் விசாரிச்சுக்கிட்டேதான் இருக்கறான். அவன் அனுப்புன அதே பிளாஸ்டிக் சீட்டுல சுத்தி எங்கூட்டுப் பின்னால தனியா வெச்சுப் பூட்டியிருக்கறேன். டாக்டரம்மாகிட்டயும் நானே போய்ச் சொன்னேன். "இனி ரத்தத்துல கொறையும். நாளாகும். போன பேச்சு எவ்வளவு திரும்பும்னு இப்ப என்னால சொல்ல முடியாது"ன்னாங்க. அவங்க கையப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சிப் பாத்தேன். 

கோகுல்ராஜுக்கு நாலு நாளா லைன் கெடைக்கல. காட்டுக்குள்ள டவர் இல்ல. ஞாயித்துக்கெழமை மத்தியானம் அவனே கூப்பிட்டான். சித்ரா போன எங்கையில குடுத்துட்டா. "நீங்களே சொல்லுங்கக்கா. நான் சொன்னா, அவரு மனசு ஆறோணும்னு சொல்றேன்னு நெனச்சுக்குவாரு."

சொன்னேன். ஒண்ணு உடாமச் சொன்னேன்.  இவனாவது திட்டட்டும்னு காத்திருந்தேன். அவன் கேட்டது வேற.

"அப்ப நான் ஊட்டுக்கு வரலாமுங்களாக்கா? பாப்பாளத் தூக்கலாமுங்களா?"

"வா சாமி. வந்து தூக்கு. ஒடனே வா."

"பாப்பாகிட்டக் குடுங்கக்கா."

மதுமதி காதுல வெச்சேன். "பாப்பா, அப்பாடி. அப்பா வாரேன். பாப்பா"ங்கறான். அவ போனைப் புடிச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்கறா. ஒதடு கூட அசையல. "என்ன வேணும் சாமி, அப்பா என்ன வாங்கிட்டு வரட்டும்?"னு அவன் கேட்டுக்கிட்டே இருக்கறான். ஏனுங்க கமலவேணின்னு ஒரு வாட்டி கூப்பிட்டுருடி தங்கம், இந்தத் தடவ மொத வாட்டியே ஓடி வாரேன்னு எனக்கு உள்ளுக்குள்ள கெடந்து அடிச்சுக்குது.

"ஏனுங்கக்கா, பாப்பா போன வெச்சுட்டாளா? மூச்சுச் சத்தங் கூடக் காணமே?"

"இல்ல சாமி, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறா. நீ பேசு"ன்னேன்.