பதின்மூன்றாவது மாலை

உயிரோடிருக்கிறவர்களின் படத்துக்கு மாலை போடுவது என்று முடிவு செய்தபோது, அடி வாங்கத் தயாராகத்தான் இருந்தோம். நாங்கள் நான்கு பேர், திருவனந்தபுரத்தில் ஓவியம் படித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றியவர்கள். அதற்கு 'இயக்கம்' என்று பெயர் வேறு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கேரள எல்லையில், காரோட்டுப் பக்கம் எங்கள் கடற்கரையில் பத்திரிகையை விரித்தால் ஜனங்கள் முதலில் பார்ப்பது மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான். செத்தால்தான் போட்டோ வரும், செத்தால்தான் நல்லவனாவான். இந்தப் பைத்தியத்தைக் கிண்டலடித்தே தீருவது என்று எனக்கு ஒரே வெறி.

ஊர் வாசகசாலையில் பன்னிரண்டு பேரை வரைந்து மாட்டினோம். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஒவ்வொரு படத்துக்கும் செவ்வந்தி மாலை, சிவப்பு பல்பு, கீழே ஒரு பட்டம். வெந்நீரை டீ என்று விற்ற டீக்கடைக்காரருக்கு 'ஏழைகளின் தாகம் தீர்த்த வள்ளல்'.

அடி விழவில்லை. டீக்கடைக்காரர் தன் படத்தின் முன் நின்று, "எழுத்தைக் கொஞ்சம் பெரிசாட்டு போட்டிருக்கலாம் மக்கா" என்றார். விடுபட்டவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அடக் கடவுளே, கிண்டல் செய்யப் போனால் ஊரே வரிசையில் நிற்கிறது!

வீட்டில் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடலும் வலையுமாக இருந்த மனுஷர், அந்தப் படங்களைப் பார்க்கக்கூட வரவில்லை. அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள்: "அப்பனுக்கு வருத்தம் உண்டுடி. ஊருல உள்ளவனுக்கெல்லாம் மாலை, பெத்தவனுக்கு இல்லியே."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றே அவரையும் வரைந்து பதின்மூன்றாவதாக மாட்டினேன். கீழே நக்கலாக 'கடலை வென்ற வீரர்' என்று எழுதினேன். சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்குக் கடலுக்குப் போயிட்டு வாறேன், வந்து பாக்கலாம்" என்றார்.

விடியலில் மூன்று பேரோடு வள்ளத்தில் போனவர் மத்தியானம் வரவேண்டும். வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. தேடப்போன வள்ளங்கள் வெறுங்கையோடு திரும்பின. அம்மா என் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். "சண்டாளி! போய் அந்த மாலையைக் கழத்துடி!"

ஓடினேன். வாசகசாலையில் கால்வைக்க இடமில்லை. அப்பாவின் படத்தடியில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன வாரம்வரை அப்பாவைக் கஞ்சப்பய என்று ஏசிய டீக்கடைக்காரர், "என்னா ஒரு மனுசன்! கேட்டா இல்லேன்னு சொல்லமாட்டான்" என்று மூக்கைச் சிந்தினார். நாங்கள் கேலி செய்தது அப்படியே கண்முன்னால் நடந்தது.

"அவரு சாகல்லே! எல்லாரும் வெளியே போங்க!" என்று கத்திக்கொண்டே மாலையைப் பிய்த்தெடுத்தேன். ஒருவரும் கோபப்படவில்லை. பாவம் என்று பார்த்தார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கலையாவது மண்ணாங்கட்டியாவது, அப்பா வந்தால் போதும், இனி தூரிகையைத் தொடமாட்டேன் என்றெல்லாம் மாதாவிடம் பேரம் பேசினேன். ஜெபம் தொடர்ந்தது, நான் எழுந்திருக்கவே இல்லை.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஜெபம் சட்டென்று நின்றது. நிமிர்ந்தால், வாசலில் அப்பா! உப்புப் பூத்த லுங்கி, யாரோ கொடுத்த தொளதொளச் சட்டை. எஞ்சின் கெட்டு நீரோட்டத்தில் போன வள்ளத்தை ஒரு விசைப்படகு குளச்சலுக்கு இழுத்துப்போயிருக்கிறது. அங்கிருந்து நால்வரும் மீன் லாரியில் ஏறி வந்திருக்கிறார்கள். அம்மாவிடம் முகத்தைக் காட்டிவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார். டீக்கடைக்காரர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அப்பா யாரையும் கவனிக்கவில்லை. மெழுகுவர்த்திகளைத் தாண்டிப் போய்ப் படத்தின் முன் நின்றார். தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு சரியில்லே மக்கா" என்றார்.

எழுந்துபோய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், விடவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் படங்களில் குறை கண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அன்றைக்கு மட்டும், "ஆமாப்பா, சரியில்லே, சரியில்லே" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.