மலையில் உறைந்த எண்ணெய்

என் பழைய கேம்பர் வேனின் பெட்ரோல் இன்ஜின் தேய்ந்துபோனதால், சென்ற ஆகஸ்டில் டீசல் இன்ஜினுக்கு மாற்றினேன். மலேசியாவில் எங்கள் ஈப்போ நகரின் சிலிபின் பகுதி வடைக் கடையில் பொரித்து மிஞ்சிய செம்பனை எண்ணெயை வடிகட்டி, டீசலில் பாதிக்குப் பாதி கலந்து ஓட்டினேன். ஈப்போ வெயிலில் ஒரு குறையும் இல்லை.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை, மனைவி மேரியோடு கேமரன் மலைக்குப் புறப்பட்டேன். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்திருந்ததால், அவள் பின்னால் கட்டிலில் படுத்திருந்தாள்.

"வடை வாசத்துல பசிக்குது லா," என்று கேலி செய்தாள்.

மழையும் பனிமூட்டமுமாக இருந்த ஏற்றத்தில் இன்ஜின் திணறி நின்றது. வேன் பின்னோக்கி நகர்ந்தது. இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும், எளிதில் பிடிக்காது. இரண்டு காலாலும் மிதித்தேன், நிற்கவில்லை. கைப்பிரேக்கும் பிடிக்கவில்லை. சாலையோரம் பள்ளம். அவளைக் குதிக்கச் சொல்லவும் வழியில்லை.

"என்னாங்க, ஏன் பின்னால போவுது?"

ஹாரனை விடாமல் அழுத்தினேன்.

பின்னால் வந்த காய்கறி லாரிக்காரர் இறங்கி ஓடிவந்தார். "அண்ணே, கால எடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகினார். வேன் நின்றது.

எரிபொருள் வடிகட்டியைத் திறந்தேன். குளிரில் செம்பனை எண்ணெய் வெள்ளையாக உறைந்து வழியை அடைத்திருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். "என்னாண்ணே, வண்டிக்கு நெய்யா ஊத்துறீங்க?"

இப்போது மலைக்குப் போவதென்றால், முதல் நாளே தொட்டியைக் காலி செய்து வெறும் டீசல் நிரப்புகிறேன். சக்கரத்துக்கு அடைகொடுக்க இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் வேனில் இருக்கின்றன. மேரியின் முழங்கால் ஆறிவிட்டது, முன்னிருக்கையில்தான் வருகிறாள். ஆனாலும் ஏற்றம் வந்தால் கதவுப் பிடியில் கை வைத்துக்கொள்கிறாள்.