புழுதிக்கு முன்னால் வந்த சத்தம்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருட்டில் பயந்தவன் ஆயிரம் சொல்வான், அதற்கெல்லாம் தலையாட்ட எனக்குப் பொறுமை கிடையாது. நீங்களும் அப்படியென்றால் நல்லதுதான், நம்பாமலே கேளுங்கள். எனக்கு நடந்தது மண்டையைப் பிளக்கும் பங்குனி வெயிலில், பட்டப்பகலில்.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூருக்கு வெளியே ஒரு கல்குவாரியில் எனக்குக் கொடி பிடிக்கிற வேலை. மத்தியானம் பாறைக்கு வெடி வைக்கும்போது ரோட்டில் பஸ்ஸோ வண்டியோ போய்விடாதபடி, சின்னப் பாலத்தருகே சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும். பாறை அரை மைல் தள்ளி இருந்தது. நடுவில் வெறும் பொட்டல். பெண்டாட்டி போன பிறகு வீட்டிலும் பேச ஆள் இல்லை, வேலையிலும் இல்லை. எத்திராஜ் ஒருத்தன்தான். அங்கே திரி பற்றவைக்கிறவன் அவன், என்னைவிட ரொம்பச் சின்னவன், சோறு மட்டும் என்னோடுதான் சாப்பிடுவான்.

தூரத்தில் முதலில் புழுதி எழும்பும், ஒண்ணு, ரெண்டு என்று மனசுக்குள் சொல்லும் நேரம் கழித்துத்தான் ‘டும்’ என்று கேட்கும். ஏன்டா இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

“இதுகூடத் தெரியலியாண்ணே? வெளிச்சம் பறந்து வருது. சத்தம் பாவம், காத்தைத் தள்ளிக்கினு நடந்து வருது. உன்ன மாதிரி.”

படித்த படிப்பில்லை எனக்கு, ஆனால் இன்றுவரை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதன் பிறகு மழைக்காலத்தில் மின்னலைப் பார்த்துவிட்டு இடிக்காகக் காத்திருப்பதுகூட எனக்கு ஒரு துணை மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு நாலு குழிக்கு மருந்து போட்டிருந்தார்கள். பஸ் ஒன்றை நிறுத்தி, நாலு வெடி முடிந்ததும் விடுகிறேன் என்று கண்டக்டரிடம் சொல்லி வைத்திருந்தேன். மூன்று தரம் புழுதி எழுந்தது, பின்னாலேயே மூன்று சத்தமும் வந்து சேர்ந்தது. பிறகு நாலாவது சத்தம். நன்றாகக் கேட்டது, பாலத்துச் சுவர் அதிர்ந்தது கைக்குத் தெரிந்தது. கொடியை இறக்கப் போனேன்.

கண்டக்டர் படியில் நின்றபடி கத்தினார். “இன்னாய்யா, கொடிய எறக்கறே? மூணுதான வெடிச்சிச்சு?”

“நாலும் ஆச்சே சார்.”

“வெயிலு தலைக்கு ஏறிட்ச்சா? எங்க கீது நாலு?”

பாறைப் பக்கம் திரும்பினேன். மூன்று இடத்துப் புழுதி அடங்கிக்கொண்டிருந்தது, நாலாவது இடம் அப்படியே கிடந்தது. அப்போது எத்திராஜ் மறைவிலிருந்து வெளியே வந்தான். திரி அணைந்துவிட்டது என்று நினைத்திருப்பான், மேஸ்திரியும் அவசரப்படுத்தியிருப்பார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக அந்தக் குழியைப் பார்த்து நடந்தான்.

கேட்டுவிட்டேனே நான். சத்தம் வந்துவிட்டது, அப்படியானால் வெடி இனிமேல்தான் வரப்போகிறது. இதை யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். கொடியை எறிந்துவிட்டு ஓடினேன். ஓட ஆரம்பித்த பிறகுதான் கத்தவே வந்தது, “எத்திராஜூ, போவாதடா!” அதுவும் எதிர்க்காற்று, என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஆனால் அவன் அதற்குள் நின்று திரும்பியிருந்தான். என்னைப் பார்த்தான், சட்டென்று ஒரு பாறைக்குப் பின்னால் பாய்ந்தான். உடனே நாலாவது புழுதி எழுந்தது. கல் சிதறியது, கொக்குக் கூட்டம் கலைந்தது. எனக்குச் சத்தம் வரவில்லை. நின்றேன், காத்திருந்தேன், வரவேயில்லை. பின்னால் பஸ்ஸில் ஒரு குழந்தை பயந்து வீரிட்டது மட்டும் கேட்டது. அங்கே இருந்த எல்லோருக்கும் அந்த வெடி கேட்டிருக்கிறது, என்னைத் தவிர.

சாயங்காலம் அவனிடம் கேட்டேன், “ஏன்டா திரும்பினே?”

“நீதானண்ணே கூப்ட்ட. காதாண்ட வந்து கூப்ட்ட மாதிரி இருந்திச்சு.”

“அவ்ளோ தூரத்துலேர்ந்தா? ஓட்றப்பதான கத்தினேன்.”

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். “இல்லண்ணே. நான் திரும்பிப் பாக்கறப்போ நீ பாலத்தாண்டதான் நின்னுகினு இருந்தே. கொடி கையில கீது. அதுக்கப்புறந்தான் ஓட ஆரம்பிச்சே.”

மறுநாள் அவன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தான். உயிரோடு இருக்கிறானே, அது போதும் என்று நானும் விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் வாலாஜாபாத் அரிசி மில்லுக்குப் போய்விட்டான். போகும்போதுகூட என் கண்ணைப் பார்க்கவில்லை. கோபமில்லை, பயம்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு பகல், மழை விட்ட நேரம், வீட்டில் தனியாக இருந்தேன். வாசலில் குரல், “அண்ணே, கீறியா?” எத்திராஜ். சந்தேகமே இல்லை. “கீறேன்டா, வாடா!” என்று கத்திக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். தெரு ஈரமாகக் கிடந்தது, ஒரு ஆளில்லை. செத்துகித்துப் போய்விட்டானோ என்று பதறி மில் லாரி டிரைவரிடம் விசாரித்தேன். மூட்டை தூக்கிக்கொண்டு ஜம்மென்று இருக்கிறான், பெண் பார்க்கிறார்கள் என்றார். எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் வாசலில் நான் கேட்டது முப்பதைத் தாண்டாத பிள்ளையின் குரல் இல்லை. மூச்சு வாங்கியது, நடுங்கியது, பல் போன வாய். கிழவன் குரலில் எத்திராஜ், அந்த நாலாவது வெடி மாதிரி முன்கூட்டியே வந்துவிட்ட குரல். இப்போது அவனுக்கு அந்தக் குரலுக்குத் தகுந்த வயது வந்திருக்கும். நான் கதவுக்குத் தாழ் போடுவதில்லை.

ஒன்றைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு நான் பதில் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தேன் அல்லவா, அப்போதும் அந்தக் குரல் நிற்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் மறுபடியும் கூப்பிட்டது. உள்ளே யாரும் இல்லாத வீட்டைக் கூப்பிடுகிற மாதிரி.