சித்தி குடித்த விளக்கெண்ணெய்

எங்கள் வீட்டில் பேதிக்குக் குடிக்கும் நாள், அப்பாவுக்கு மில் விடுமுறையாக இருக்கும் ஞாயிறுதான். கட்டங்காப்பியில் விளக்கெண்ணெயைக் கலந்து கொடுத்துவிட்டு, கடைசிச் சொட்டு தொண்டையில் இறங்கும்வரை எதிரிலேயே நிற்பார். லைன் வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கக்கூஸ். குடித்தவன் அன்று முழுக்க அதன் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவோடு எங்களுக்குக் கால்பந்துப் போட்டி. அதுவரை அவர்களை நாங்கள் வென்றதே இல்லை.

டம்ளரைக் கையில் வாங்கிய நேரம் வெளியே யாரோ அப்பாவைக் கூப்பிட்டார்கள். அடுப்படியில் சித்தி இருந்தாள். அம்மாவின் தங்கை, தாய்வீடு என்று ஒன்று இல்லாததால் முதல் பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். எட்டாம் மாதம்.

"நாந்தான் கோல்கீப்பர் சித்தி. இத்த குடிச்சா எப்பிடி வெளயாடறது?" அழாத குறையாகக் கெஞ்சினேன்.

"குடுடா இப்பிடி. உள்ள ஒதைக்கிற ஒதையப் பாத்தா இவனும் பந்துதான் ஆடுவான் போல." மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டாள். "தோத்துட்டு வந்த, ஒங்கப்பங்கிட்ட சொல்லிடுவேன்."

காலி டம்ளரைப் பார்த்து அப்பா என்னை மெச்சினார். அவருக்காகக் கொஞ்ச நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிக் காட்டினேன். அவர் கண்ணயர்ந்ததும் மைதானத்துக்குப் பறந்தேன். ஜெயித்தோம்! கடைசியில் வந்த பெனால்டியை மார்போடு அணைத்துப் பிடித்தேன். பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் கத்திக்கொண்டு வந்தார்கள்.

வீட்டு வாசலில் ரிக்‌ஷா நின்றது. சித்திக்கு வலி கண்டுவிட்டது. பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நானும் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நாள் வருமுன் ஏன் வலி என்று டாக்டரம்மா குடைந்தார். "எண்ணெய், கஷாயம்னு ஏதாவது குடிச்சியாம்மா?"

சித்தி என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் குடிக்கல டாக்டர்."

விடிவதற்குள் தம்பி பிறந்தான், உள்ளங்கை அகலத்துக்கு. பல நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். இன்று அவன் பேரன் எடுத்தவன், என்னைவிடத் தடியன்.

கர்ப்பிணிக்கு விளக்கெண்ணெய் ஆகாது, அது வலியைக் கிளப்பிவிடக்கூடும் என்று பின்னாளில் படித்தேன். அன்று அதுதான் காரணமா என்று நான் கேட்ட எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. சித்தி சாகும்வரை நாங்கள் அதைப் பேசவும் இல்லை.

ஆனால் அன்று, "ஒண்ணும் குடிக்கல" என்று அவள் சொன்னதும், அப்பாவின் பின்னால் நின்றபடி நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஒரே நாளில் இரண்டாவது வெற்றி. டாக்டரம்மா என் களவைத் துருவுகிறார் என்றே நினைத்தேன். அவர் கேட்டது இரண்டு உயிரைக் காப்பாற்ற என்பது எனக்குத் தெரியவில்லை.