ராசியான கையும் ஒரு சட்டி மிஷ்டி தோயும்

என் கணவரின் உள்ளங்கை சிவந்துபோனதற்கு எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட காரணம் சூடு. தலை வலித்தால் சூடு, கண் எரிந்தால் சூடு, வங்கியில் மேலதிகாரியோடு சண்டை போட்டுவிட்டு வந்தாலும் சூடு. கொல்கத்தாவுக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பேச்சில் பாதி வங்காளியாகிவிட்டது. இந்தச் சூடு மட்டும் கும்பகோணத்தில் ரயில் ஏறியபடியே இருக்கிறது.

வங்காளிகள் சூட்டை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு எல்லாமே லிவர். லேக் கார்டன்ஸில் எங்கள் மேல்மாடியில் ஒரு பௌதி இருக்கிறார். இங்கே அக்கம்பக்கத்துப் பெண்களை அண்ணி முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவோம். முடி கொட்டுகிறது என்றால் லிவர் என்பார். தூக்கம் வரவில்லை என்றாலும் லிவர். அவருடைய பேரன் கணக்கில் மார்க் குறைந்தபோதுகூட ஏதோ பச்சைச் சாற்றைப் பிழிந்து அவன் வாயில் ஊற்றினார். அதனால், லட்சுமி பூஜைப் பிரசாதம் வாங்க இவர் நீட்டிய கையைப் பார்த்துவிட்டு பௌதி லிவர் என்றபோது, இவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னால் அப்படிச் சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் அந்தக் கையை தினமும் பார்ப்பவள் நான். கட்டைவிரலுக்குக் கீழும் சுண்டுவிரலுக்குக் கீழும் உள்ள சதை மேடுகள், மருதாணி இட்டுக் கழுவியதுபோல் சிவந்திருந்தன. நடுவில் மட்டும் வெளுப்பு. தொட்டால் அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரிச் சுட்டது. சாப்பிடும்போது இடது கையால் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கேட்டால் ஜில்லென்று இருக்கிறதாம்.

டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியது. போனால் குடிப்பீர்களா என்று கேட்பார்களாம், அந்தக் கேள்வியே அவருக்கு அவமானமாம். முட்டைகூடத் தொடாதவனுக்கு லிவர் எப்படிக் கெடும் என்று என்னையே கேட்டார். அதற்கும் மேலே ஒரு பெருமை வேறு. அவர் அப்பாவுக்கும் இதே சிவப்புக் கையாம். ராசியான கையாம். தெரிந்தவர்கள் கடை திறந்தால் முதல் போணிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்களாம். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகனுக்கும் அதே கைதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. தயிர் குளிர்ச்சி என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் நான் உறை குத்தும் தயிர் புளிக்கிறதாம், புளிப்பு பித்தத்தைக் கிளப்புமாம். எனவே ஆபீஸ் விட்டதும் கரியாஹாட்டில் இறங்கி, மண்சட்டியில் மிஷ்டி தோய் வாங்கி வருவார். சர்க்கரையைக் காய்ச்சிப் பழுப்பாக்கிப் பாலில் கலந்து உறைய வைத்த அந்த இனிப்புத் தயிரை, ஏதோ லேகியம் சாப்பிடுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு வழித்துச் சாப்பிடுவார். அவ்வளவும் சர்க்கரை என்றேன். கற்கண்டும் சர்க்கரையும்கூடக் குளிர்ச்சிதானே என்றார். கும்பகோணத்து வைத்தியத்தையும் வங்காளத்து இனிப்பையும் ஒரே சட்டியில் போட்டு விழுங்கும் மனிதரிடம் என்ன பேசுவது?

கடைசியில் நான் சமைப்பதை நிறுத்தினேன். டாக்டரைப் பார்க்கும்வரை அடுப்பு எரியாது என்று சொல்லிவிட்டேன். தெருமுனைக் கடையின் லூச்சிப் பூரியையும் ஆலுதம் உருளைக்கிழங்குக் கறியையும் தின்று ஒரு நாள் வீம்பாக இருந்தார். மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பாலிகஞ்சில் அந்த டாக்டர் எதிர்பார்த்தபடியே குடியைப் பற்றிக் கேட்டார். இவர் தன் ஒழுக்கத்தைப் பற்றி வங்காள மொழியில் ஒரு பிரசங்கம் செய்தார். முடியும்வரை டாக்டர் பொறுமையாக இருந்துவிட்டு, சிவந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். வெளுத்தது, விட்டதும் சிவப்பு திரும்பி வந்தது. இதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது, சில குடும்பங்களில் இது வெறும் உடல்வாகாகவே இருக்கும், தைராய்டிலும் மூட்டு நோயிலும்கூட வரும் என்றார். ஆனால் இந்தத் தொப்பைக்கு முதலில் லிவரைப் பார்க்க வேண்டும், குடிக்காதவர்களுக்கும் அங்கே கொழுப்பு சேரும் என்றார். இனிப்பு உண்டா என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் இவர் தன் கடைசித் துருப்பை எடுத்தார். பரம்பரைக் கை, அப்பாவுக்கும் அச்சாக இப்படித்தான். டாக்டர் எழுதிக்கொண்டே, அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றார். எதனால் போனார் என்று கேட்டார்.

மாமனார் மஞ்சள் காமாலையில் போனார் என்று அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். பஸ் மோதிப் போனார் என்பதுபோல, வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று கொண்டுபோய்விட்டது என்றுதான் எல்லாரும் பேசுவார்கள். அந்தக் கையையும் அந்தக் காமாலையையும் ஒருவர்கூடச் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

"ஜண்டிஸ்," என்றார் இவர். பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ரத்தமும் ஸ்கேனும் பார்த்ததில், லிவரில் கொழுப்பு நிறைந்து தழும்பு விழ ஆரம்பித்திருந்தது. சர்க்கரையும் இருந்தது. சொன்னபடி கேட்டால் இதோடு நிறுத்தலாம், கொஞ்சம் மீட்கவும் முடியும், கேட்காவிட்டால் தாங்காது என்றார் டாக்டர். எனக்கு எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது. இவர் மேல், பார்த்தே இராத மாமனார் மேல், கையைக் கொண்டாடிவிட்டு ஆளைப் பறிகொடுத்த அந்தக் குடும்பத்தின் மேல். பயமாகவும் இருந்தது. அதையும் எரிச்சலாகத்தான் காட்டத் தெரிந்தது எனக்கு. போதாததற்கு பௌதி வேறு பச்சைச் சாற்றோடு வெற்றிநடை போட்டு இறங்கி வந்தார். கண்ட சாற்றையும் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை அவரிடம் எடுத்துச் சொல்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அன்று சாயங்காலம் இவர் மகனை வீடியோவில் கூப்பிட்டார். ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கையைக் காட்டுடா."

"என்னப்பா, கீ ஹொலோ? என்ன ஆச்சு? ஜோசியமா?"

"உள்ளங்கை. வெளிச்சத்துல நல்லாக் காட்டு."

மகன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். போன் திரை முழுக்க அந்தக் கை வந்து நின்றது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாளைக்கே லீவு போட்டுவிட்டு ஒரு டாக்டரைப் பார் என்றார்.

"எதுக்குப்பா? அது சூடு," என்றான் மகன்.